ஒரு சாணும் நாலு விரலும்

யக்காத்தூத் கிராமத்து மடைக்காரர் எர்காஷோடு யாராவது நின்று பேச வேண்டுமென்றால் ஒரு கல்லைத் தேடிப் போய் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருடைய சைக்கிள் அப்படி. இருபத்தெட்டு இஞ்ச் சக்கரம், கூட்டுப்பண்ணைக் காலத்துச் சொத்து, இரும்பென்றால் அப்படியொரு இரும்பு. எர்காஷோ ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் கால் தரைக்கு எட்டாது. ஏறுவதற்கு ஒரு கல், இறங்குவதற்கு ஒரு கல். டீக்கடை வாசலில் ஒன்று, பள்ளிவாசல் முனையில் ஒன்று, மதகுப் பக்கம் ஒன்று என்று ஊர் முழுக்க அவருக்குக் கல் உண்டு. வழியில் யாராவது "மடைக்கார அண்ணே, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால், "கல்லுக்கு வா, கல்லுக்கு வா!" என்று கத்திக்கொண்டே போய்விடுவார்.

அந்த சைக்கிள் வெறும் வாகனமும் இல்லை. வருஷாவருஷம் வசந்தத்தில் ஊர் கூடி வாய்க்காலைத் தூர் வாரும் ஹஷர் நடக்கும். முப்பத்தொரு வீடு, யாருக்கு எவ்வளவு நிலமோ அதற்குத் தக்கபடி வாய்க்காலில் பங்கு. அந்தப் பங்கை அளப்பது எர்காஷின் முன் சக்கரம்தான். கம்பியில் ஒரு தகரத் துண்டு கட்டியிருப்பார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தகரம் ஃபோர்க்கில் பட்டு 'டக்' என்று ஒரு சத்தம். உனக்கு ஒன்பது டக், எனக்குப் பன்னிரண்டு டக். மீட்டர், கஜம் எல்லாம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு. யக்காத்தூத்தில் பெண் எடுக்கிறவர்கள்கூட, "அவங்க வீட்டுக்கு எத்தனை டக்?" என்று கேட்டுத்தான் நில புலனைத் தெரிந்துகொள்வார்கள். பத்தொன்பது வருஷமாக எர்காஷ் அளந்ததில் ஒரு எட்டு கூடக் குறையக் கிடையாது. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த வருஷம் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு நாலு நாள் கழித்து, டீக்கடை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து, எர்காஷ் தன் கல்லில் கால் வைத்தார். கல் அங்கே இல்லை. யாரோ வேலி ஓரம் முட்டுக்கொடுக்கப் புரட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எர்காஷ் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், தொப்பி மட்டும் தனியாக வாய்க்காலில். மடைக்காரர் தொப்பியே மடையில் விழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? மூன்று நாள் சிரித்தது.

வீட்டில் மனைவி சனோபர் சிரிக்கவில்லை. "வர்ற வெள்ளிக்கிழமை நிகாராவுக்கு ரொட்டி உடைக்கிறாங்க. அன்னைக்கு நீங்க கைகால்ல கட்டுப் போட்டுக்கிட்டு சபையில உக்காருவீங்களா? ஹைதர்அலி வீட்டு சனம் என்ன நினைக்கும்? அந்த ஒட்டகத்தை வித்துத் தொலைங்க, இல்ல அதோட காலை வெட்டுங்க."

நிகாரா அவர்களுடைய ஒரே பெண். ஹைதர்அலியின் மகன் ஜஸூர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீடும் பேசி, வெள்ளிக்கிழமை பெரியவர்கள் உட்கார்ந்து ரொட்டி உடைப்பதாக ஏற்பாடு. ரொட்டி உடைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. உடைக்காதவரை அது வெறும் பேச்சு; எவன் வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நிகாரா ஒரு மாதமாகத் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள்.

எர்காஷ் சைக்கிளை உருட்டிக்கொண்டு காபில் கடைக்குப் போனார். காபில் சைக்கிள் மெக்கானிக். ஊர் விசேஷங்களுக்குப் புலாவ் சமைப்பவனும் அவனே. இரண்டு வேலையையும் ஒரே கையால் செய்கிறான் என்பது அவன் புலாவைத் தின்றவர்களுக்குத் தெரியும்.

"அண்ணே, உங்களை நீட்ட முடியாது. சைக்கிளைத்தான் குறைக்கணும்" என்றான் காபில். "இருபத்துநாலு இஞ்ச் ரிம் ஒரு ஜோடி கிடக்கு. அதை மாட்டினா மூணு விரல் கீழ இறங்கும்."

"மாட்ட முடியுமா? பிரேக்கு?"

"பெடலைப் பின்னால மிதிச்சா நிக்கிற பிரேக்குதானே? அது ஹப்புக்குள்ள இருக்கு. ரிம்ம பாத்து அது என்னைக்கு நின்னுச்சு? பழைய ஹப்பையே புது ரிம்ல கோத்துடறேன். கம்பியை வெட்டி மரை போட்டாப் போதும்."

அன்று மத்தியானம்வரை கோத்தான். சக்கரம் சின்னதாகிவிட்டதால் திருப்பத்தில் பெடல் தரையைத் தேய்த்தது. அதற்கு ஒரு சின்னப்பிள்ளை சைக்கிளின் குட்டைப் பெடல் தண்டைக் கழற்றி மாட்டினான். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் பூனை புகுந்து போகிற இடைவெளி. "அது காத்தோட்டத்துக்கு" என்றான். பழைய பெரிய ரிம் இரண்டையும் எர்காஷ் வீட்டுக் கோழிக்கூட்டு மேல் போட்டார்கள். தகரத் துண்டை மட்டும் எர்காஷ் மறக்காமல் கழற்றி, தன் கையாலேயே புதுச் சக்கரத்தில் பத்திரமாகக் கட்டினார்.

சைக்கிளில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றினார் பாருங்கள், அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஓர் ஆள் நினைத்த இடத்தில் நிற்கிறார்! அன்று ஊரில் அவர் நிற்காத வாசல் இல்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, நின்றார். கூப்பிடாதவர்களிடமெல்லாம், "என்ன, கூப்பிட்டியா?" என்று கேட்டு நின்றார்.

மறுநாள் ஹஷர். முந்தின சாயங்காலமே தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுத்தாயிற்று. வேர் நிறைந்த இடமும் பாறை இடமும் ஒரே வீட்டுக்கு வருஷாவருஷம் விழக்கூடாது என்று இந்த ஏற்பாடு. எர்காஷுக்கு மேல்மதகை ஒட்டின முதல் இடம். கடைசி இடம் ஹைதர்அலிக்கு. கடைசிப் பங்கை மட்டும் அளக்கிற வழக்கமில்லை; முப்பதாவது முளையிலிருந்து கீழ்மதகு வரை மிச்சம் எவ்வளவோ அது. அளவு சரியாக இருந்தால் மிச்சமும் சரியாகத்தானே இருக்கும்? பத்தொன்பது வருஷமாக இருந்தது.

விடியற்காலையில் மூடுபனி. எர்காஷ் சைக்கிளை உருட்டிக்கொண்டு கரையோடு நடந்தார். டக், டக், டக். பங்கு முடிகிற இடத்தில் ஒரு முளை. முப்பதாவது முளையை அடித்ததும் எதிரே பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. வழக்கமாகக் கீழ்மதகு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். இன்று எதற்கு? டீக்கடையில் ஆள் சேர்ந்திருக்கும். புது சைக்கிளில் போய் நடு வாசலில், கல்லே இல்லாத இடத்தில், டக்கென்று நிற்க வேண்டாமா? ஏறி மிதித்துவிட்டார்.

அன்று வேலை நடந்த வேகத்தை ஊரே பேசியது. பதினோரு மணிக்கெல்லாம் ஒவ்வொருவராக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்கள். எர்காஷும் தன் பங்கைப் பத்தரைக்கே முடித்துவிட்டு, "உடம்புல இன்னும் தெம்பு இருக்குடா! சைக்கிள் குட்டையானதும் கால்ல வலியே இல்ல, எல்லாம் கைக்கு வந்திடுச்சு" என்று காபிலிடம் பீற்றிக்கொண்டார். காபில் முசுக்கொட்டை மரத்தடியில் அண்டாவை வைத்துக் கேரட் வதக்கிக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் மண்ணே கம்மிதான் அண்ணே" என்றார் ஒருத்தர்.

"மண்ணு கம்மி இல்ல, அளவு சுத்தம்!" என்றார் எர்காஷ்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய கால்வாயில் தண்ணீர் திறப்பார்கள். அதற்குள் வாய்க்கால் தயாராக இல்லையென்றால் தண்ணீர் அடுத்த ஊருக்குப் போய்விடும். திரும்ப முறை வர ஒன்பது நாள். அன்றோ பன்னிரண்டுக்கே அரிசி வெந்துகொண்டிருந்தது. முப்பது வீடும் வந்து உட்கார்ந்தாயிற்று. ஹைதர்அலி வீட்டைத்தான் காணோம்.

"அவங்க இன்னும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. பாதிகூட முடியல" என்று யாரோ சொன்னார்கள்.

எர்காஷுக்குச் சுருக்கென்றது. பதினாலு டக் பங்கு, வீட்டில் நாலு ஆம்பிளை, பாதிகூட முடியவில்லையா? அவருடைய வருங்காலச் சம்பந்தி, ஊர் முன்னால் அவர் மானத்தையல்லவா வாங்குகிறார்! சைக்கிளில் ஏறி மிதித்தார். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

ஹைதர்அலி உயரமான மனுஷர், அதிகம் பேசமாட்டார். இடுப்புவரை சேறோடு நிமிர்ந்து பார்த்தார். மூன்று மகன்களும் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஹைதர்அலி இது? சேத்துல குளிச்சுக்கிட்டிருக்கீங்களா?" என்றார் எர்காஷ்.

"வேலை இருக்கு, செய்றோம்."

"வேலை எல்லாருக்கும்தான் இருந்துச்சு. ஊரே முடிச்சிட்டு சோத்துக்கு உக்காந்திருக்கு. நாலு தடி ஆம்பிளை, பதினாலு டக்கு வெட்ட ஒரு நாளா? தண்ணி அடுத்த ஊருக்குப் போனா யார் பதில் சொல்றது?"

"அளந்து குடுத்தது நீங்க. நான் வாயைத் திறந்தேனா?" என்றார் ஹைதர்அலி நிதானமாக.

அந்த வார்த்தையில்தான் எர்காஷுக்குத் தலைக்கேறியது. "அளவுல குத்தம் சொல்றீங்களா? என் அளவுலயா? பத்தொன்பது வருஷம்! சோம்பேறித்தனத்துக்கு நொண்டிச்சாக்கு! ஒரு பங்கு மண்ணு வெட்ட வக்கில்லாத வீட்டுக்கா நான் பொண்ணு குடுக்கப் போறேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவர் காதிலேயே விழுந்தது. ஹைதர்அலி மண்வெட்டியைக் கரையில் சாத்தி வைத்தார். எறியக்கூட இல்லை; சாத்தி வைத்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை ரொட்டி எங்க வீட்டுத் தந்தூர் அடுப்புலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். சின்ன மகன்கள் இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். மூத்தவன் ஜஸூர் மட்டும் நின்றான். திரும்பி வெட்ட ஆரம்பித்தான்.

பத்துப் பேரும் அண்டாவுக்குத் திரும்பினார்கள்; இப்படியொரு சேதியைச் சுமந்துகொண்டு யாரால் நிற்க முடியும்? நிகாராவிடம் என்ன சொல்வது என்று எர்காஷ் யோசித்தார். ஆனால் பிடிவாதம் விடவில்லை. அளவில் குற்றம் சொல்லிவிட்டாரே! இப்போதே இந்தப் பங்கை எண்ணி, பதினாலு என்று ஊர் முன்னால் சொல்லி, அந்த மனுஷர் வாயை அடைத்துவிட்டுத்தான் மறு வேலை.

முப்பதாவது முளையில் முன் சக்கரத்தை வைத்தார். டக், டக் என்று நடந்தார். பதினாலாவது டக்கில் நின்றார். வாய்க்கால் சுத்தமாக வாரியிருந்தது, தரை துடைத்த மாதிரி. கீழ்மதகைக் காணோம். இருபது. முப்பது. இன்னும் வாரின வாய்க்கால்தான். நாற்பத்திரண்டில் ஜஸூர் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி ஐம்பது, அறுபது. வளைவு திரும்பினால் அதோ தூரத்தில் மதகு. எண்பத்தொன்றாவது டக்கில் சக்கரம் மதகுக் கல்லில் போய் முட்டியது.

எர்காஷ் முதலில் மதகைத்தான் சந்தேகப்பட்டார். யாராவது நகர்த்தி வைத்துவிட்டார்களா? அது ஒரு லாரி கனம். அப்புறம் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இருந்த அந்தக் காற்றோட்டம் வழியாக மறுகரை தெரிந்தது.

தூக்கிவாரிப் போட்டது. மூன்று விரல் இறங்கினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு குறையும்? தகரத்தைக் கல்லின் மேல் நிறுத்தி ஒரு சுற்று உருட்டி, கோடு கிழித்து, பழைய டக்குக்குத் தன் காலடி எத்தனை என்று மனப்பாடமாகத் தெரிந்ததால் அடிபோட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் சாண் போட்டார். ஒரு சாணும் நாலு விரலும். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு சாணும் நாலு விரலும் குறைச்சல்! முப்பது வீட்டுக்கும் குறைந்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஹைதர்அலி தலையில் விழுந்திருக்கிறது. அந்த மனுஷர் விடிந்ததிலிருந்து ஆறு வீட்டு வேலையை ஒரு சொல் சொல்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சோம்பேறி என்றாயிற்று. எர்காஷ் சைக்கிளையே பிடித்துக்கொண்டு நின்றார்.

மெல்ல உருட்டிக்கொண்டு ஜஸூரிடம் வந்தார். ஜஸூர் நிமிர்ந்தான். "சாப்பிட்டீங்களா மாமா?" என்றான். சண்டையே நடக்காத மாதிரி! சுண்ணாம்புக்கட்டி பிடித்த கை, உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கொப்புளமாக உடைந்து, மண்வெட்டிப் பிடியில் ரத்தம்.

"இவ்வளவு நீளம் விழுந்திருக்கே, காலைல வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?" என்றார் எர்காஷ்.

"அப்பாதான் வேண்டாம்னார். பொண்ணு குடுக்கிறவர், மாப்பிள்ளை வீட்டுல மண்ணு வெட்டுவாங்களா மாட்டாங்களானு பாக்கிறாரு, பேசாம வெட்டுங்கடான்னார்."

எர்காஷின் புத்தி அந்தக் கணத்தில் எப்படி வேலை செய்தது தெரியுமா? ஆகா, வழி திறந்துவிட்டதே! ஆமாம், பரீட்சைதான், நீ ஜெயிச்சிட்டே மாப்பிள்ளே என்று முதுகில் தட்டிவிட்டால் போதும். அளவும் பிழைக்கும், மானமும் பிழைக்கும், ரொட்டியும் உடையும். ஊரே, "மடைக்காரர் பலே ஆளுப்பா" என்று மெச்சும். வாயைத் திறந்தேவிட்டார். "ஆமா..." என்று ஒரு பாதிச் சொல் வெளியே வந்தும்விட்டது. ஆனால் கண் அந்தக் கையை விட்டு நகரமாட்டேன் என்றது.

"ஆமா... இல்லப்பா" என்றார். "பரீட்சையும் இல்ல, மண்ணும் இல்ல. சக்கரத்தை மாத்தினேன், கணக்கை மாத்தல. தப்பு என்னோடது. உங்க ஆறு பங்குக்கும் நான்தான் காரணம்."

"தெரியும் மாமா" என்றான் ஜஸூர்.

"என்னது?"

"காலைலயே கணக்குப் போட்டுட்டேன். மொத்தம் நூத்து இருபத்துநாலு மீட்டர் கூட. சின்னச் சக்கரத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு."

"அடப்பாவி! தெரிஞ்சா ஏன்டா சொல்லல?"

ஜஸூர் கொஞ்சம் தயங்கி, சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்து, ஃபோனை எடுத்து நீட்டினான். பத்து மணிக்கு நிகாராவுக்கு எழுதியிருக்கிறான். அவள் பதில் போட்டிருந்தாள்: "நீ ஒண்ணும் சொல்லாதே. எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச நிமிஷம் அவரே சொல்லிடுவார். அளவு விஷயத்துல அவர் பொய் சொல்ல மாட்டார்."

எர்காஷ் அதை இரண்டு தரம் படித்தார். அந்தப் பாதி 'ஆமா'வை நினைத்துப் பார்த்தார். தப்பினோமடா சாமி! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூக்கைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார். அப்புறம் சைக்கிளில் ஏறி, அவர் வயசுக்கும் அந்தக் குட்டைப் பெடலுக்கும் கொஞ்சமும் பொருந்தாத வேகத்தில் மிதித்தார்.

முசுக்கொட்டை மரத்தடியில் காபில் அப்போதுதான் அண்டா மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தான். "மூடு அதை!" என்று கத்தினார் எர்காஷ். "ஒருத்தரும் கை வைக்காதீங்க! நான் உங்க முப்பது வீட்டுக்கும் குறைச்சு அளந்துட்டேன். சக்கரம் சின்னது, டக்கும் சின்னது. உங்க மண்ணையெல்லாம் ஹைதர்அலி வெட்டிக்கிட்டிருந்தாரு. அவரை நான் சோம்பேறின்னு திட்டிட்டு வந்திருக்கேன். திட்டினது பத்துப் பேரு முன்னால, அதனால சொல்றது எல்லாரு முன்னாலயும்."

"அப்ப மண்ணு கம்மி இல்ல" என்றார் காலையில் மண் கம்மி என்றவர். "உங்க தெம்பும் இல்ல அண்ணே" என்றான் காபில். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு. வயிறு காய்ந்த கூட்டம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார்கள். முப்பது வீடு இறங்கினால் அந்த மிச்சம் எம்மாத்திரம்? மூன்றரைக்கு முடிந்தது. நாலு மணிக்கு நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்து, ஒரு இடத்திலும் தேங்காமல், கீழ்மதகில் விழுந்தது. புலாவ் அடிப்பிடித்துவிட்டது. காபில் அதையும் எர்காஷ் கணக்கில் எழுதினான்.

ஆனால் ஹைதர்அலி வரவில்லை. எர்காஷ் அன்று சாயங்காலமே அவர் வாசலுக்குப் போய்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஹைதர்அலி டீ கொடுத்தார். கிண்ணம் காலியானதும் மறுபடி ஊற்றினார். ரொட்டியைப் பற்றி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நிகாரா இரண்டு நாளாக அப்பாவிடம் ஒன்றுமே கேட்கவில்லை. சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவரைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சனோபர் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, விரிப்பைப் போட்டு வைத்தாள். பதினொன்றாயிற்று. எர்காஷ் வாசலுக்கும் கோழிக்கூட்டுக்குமாக நடந்தார். பதினொன்றரைக்குத் தெருமுனையில் உயரமாக ஒரு தொப்பி தெரிந்தது. ஹைதர்அலி, பின்னால் பெரியவர்கள், தலையில் தட்டுகளோடு பெண்கள்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு, ஹைதர்அலி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், துணி மூட்டையை அவிழ்த்து இரண்டு ரொட்டியை எடுத்து வைத்தார். ஒன்று தாம்பாளம் அளவு. இன்னொன்று அதைவிட ஒரு சுற்றுச் சின்னது.

"உடைக்கிறதுக்கு ஒண்ணுதான் வேணும்" என்றார். "இருபத்தெட்டும் இருக்கு, இருபத்துநாலும் இருக்கு. எதுன்னு நீங்களே அளந்து சொல்லுங்க, சம்பந்தி."

சபையில் முதலில் ஒரு பெரியவர் தாடி ஆடியது. அடுத்த நிமிஷம் கூரை அதிர்ந்தது. எர்காஷுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. 'சம்பந்தி' என்ற ஒரு சொல்தான் காதில் நின்றது. பெரிய ரொட்டியை இழுத்து, "பிஸ்மில்லா" என்று சொல்லி உடைத்தார்.

நேர்ப்பாதியாக உடையவில்லை. ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்துவிட்டது. எர்காஷின் முகம் மாறியது. இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, இதைப் பார்த்து, அதைப் பார்த்து, மறுபடி இதைப் பார்த்து, ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து அதோடு சேர்க்கலாமா என்று விரலை வைத்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து சனோபரின் குரல் வந்தது. "ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், அளக்காமக் குடுங்க!"

எர்காஷ் பெரிய துண்டை ஹைதர்அலியிடம் நீட்டினார்.